மாம்புரிக்கு அஸ்திபாரம் போடப் போனேன்

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, உள்ளே நூற்றிருபது சின்னப் புத்தகங்களையும் இரண்டு கிலோ மக்ரூனையும் கண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். புத்தக அட்டையில் 'அஸ்திபாரத்துக்குத் திரும்புவோம்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே எங்கள் சபைக் கமிட்டியார் பதினொரு பேரின் படம், அத்தனை பேரும் டை கட்டிக்கொண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தேர்தலில் நிற்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படையைப் பற்றிய புத்தகம் என்றேன். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். மக்ரூனை நீட்டினேன். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிவிட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் கோயில் கமிட்டித் தேர்தல் வந்தால் சட்டமன்றத் தேர்தல் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். வடக்குத் தெரு ஒரு கட்சி, தெற்குத் தெரு ஒரு கட்சி. கோயில் மின்விசிறி இறக்கைகளில் எல்லாம் உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். விசிறி ஓடினால் பெயரை வாசிக்க முடியவில்லை என்று ஒருவர் தன் விசிறியை மட்டும் நிறுத்தியே வைக்கச் சொன்னார். சித்திரை மாதத்திலும் அதன் கீழே உட்கார்ந்தவர்கள் வேர்த்து வடிந்தார்கள். பீடத்துப் படிக்குக் கல் பதித்தபோது யார் பெயரை வெட்டுவது என்று தொடங்கிய சண்டை நீதிமன்றம் வரைக்கும் போய், படி இன்றைக்கும் பாதி கல்லும் பாதி சிமெண்டுமாக இருக்கிறது. பொறுக்க மாட்டாத எங்கள் குருவானவர், நாம் விசுவாசத்தின் அஸ்திபாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே பிரசங்கம் பண்ணினார். தெற்கைத்தான் குத்துகிறார் என்று வடக்கும், வடக்கைத்தான் என்று தெற்கும் நினைத்துக்கொண்டதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அஸ்திபாரத்துக்குத் திரும்புவதற்கென்று ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள். அதற்கு நான் செயலாளர். அரசாங்க அலுவலகத்தில் ஆயுசெல்லாம் கோப்பு எழுதிய கையல்லவா, ஏழு பாடங்கள் எழுதினேன். பாவ அறிக்கை என்ற முதல் பாடத்துக்கு மட்டும் பதினான்கு உட்பிரிவுகள். அதை எங்கே நடத்துவது என்பதில்தான் சிக்கல். வடக்குத் தெருவில் நடத்தினால் தெற்கு வராது, தெற்கில் நடத்தினால் வடக்கு வராது. கடைசியில் கடல் தாண்டி நடத்துவது என்று முடிவாயிற்று.

கடல் தாண்டி எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். யோகராசா. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து படகேறி வந்து, எங்கள் ஊர்ப் பக்கத்து முகாமில் ஏழு வருஷம் இருந்தவர். எங்கள் கோயிலுக்குத்தான் வருவார். பிறகு திரும்பிப் போய், புத்தளம் கரையில் மாம்புரி என்ற ஊரில் குடியேறி, முப்பது குடும்பத்துக்கு உபதேசியாராக இருந்தார். ஜெபவீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று அவர் எப்போதோ எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக, என் ஏழு பாடங்களை மனசில் வைத்து, அஸ்திபாரம் போட்டுத் தர நானே வருகிறேன் என்று வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். அனுப்பிவிட்டு நானே இரண்டு தடவை கேட்டேன். என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புத்தளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப் போனேன். பஸ் என்றா சொன்னேன்? அதன் ஓட்டத்துக்கு வேறு பெயர் வேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில் புத்தர், பிள்ளையார், மாதா மூன்று பேரும் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். யாரும் அவரைக் கட்டுப்படுத்தியதாகத் தெரியவில்லை. திடீரென்று நடத்துனர் "மதுரங்குளி, மதுரங்குளி" என்று கத்த, தூக்கக் கலக்கத்தில் எனக்கு 'ம' மட்டும்தான் காதில் விழுந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடித்துப் பிடித்து இறங்கிவிட்டேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் எதிர்ப் பலகையை வாசித்தேன். மாம்புரிக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்று ஒரு பழக்கடைக்காரர் சொன்னார்.

நான் திருதிருவென விழிப்பதைப் பார்த்து, எதிரே இரும்புச் சாமான், சிமெண்ட் விற்கிற ஹாட்வெயார் கடை முதலாளி கூப்பிட்டார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி. ஜும்மா தொழுகை முடிந்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். ஹாஜியார் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, பால் இல்லாத இஞ்சித் தேத்தண்ணியும் மாலு பணிஸும் வரவழைத்தார். மாலு என்றால் சிங்களத்தில் மீன், பணிஸ் என்றால் நம்முடைய பன். காரசாரமாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன். மாம்புரிக்குப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தியாவில இருந்து அத்திவாரம் போட வார ஐயா நீங்கதானா? யோகராசா சென்னாரு. நீங்க ஒரு வார்த்த சென்னாப் போதும், எல்லாத்தையும் நான் அனுப்பிவைக்கிறன்" என்றார்.

என் பாடங்களின் புகழ் இஸ்லாமிய சகோதரர்கள் வரைக்கும் பரவியிருக்கிறதே என்று உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லோரையும் அனுப்புங்கள், பேதமில்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் பக்கத்துத் தெருக்காரன் என் பாடத்துக்கு வரமாட்டான். இங்கே ஹாஜியார் ஆள் அனுப்புகிறார் என்று நினைத்து மனசுக்குள் கமிட்டிக்கு அறிக்கைகூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

அவருடைய மருமகனின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர். வழியில் உப்பளங்கள் வந்தன. குவித்து வைத்த உப்பையும் அதன் மேல் போர்த்திய ஓலையையும் பார்த்தால் தூத்துக்குடியிலிருந்து நான் கிளம்பவே இல்லையோ என்று இருந்தது. மாம்புரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் வண்டி மணலில் புதைந்துவிட்டது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை முறுக்க, நான் பின்னால் நின்று தள்ள, ஊழியத்துக்கென்று தேய்த்துப் போட்டு வந்த வெள்ளைப் பேண்ட் முழங்கால் வரை மணலானது. அந்த ஊரில் மணலைத் தவிர வேறு தரையே கிடையாது. மணலில் தென்னை, மணலில் வெங்காயப் பாத்தி, அதற்கெல்லாம் மேலே மின்சாரம் எடுக்கிற ராட்சதக் காற்றாடிகள்.

யோகராசா ஓடி வந்து பெட்டியை வாங்கினார். ஆள் இளைத்து, தலை முழுக்க நரைத்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் மாலையோடு நின்றார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல், "வாங்கோ ஐயா, முதல்ல வந்து பாருங்கோ" என்று தென்னந்தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பெஞ்சுகளும் பிரசங்க பீடமும் தார்ப்பாயால் மூடி மரத்தடியில் கிடந்தன. நடுவில் நீளச் சதுரமாக இடுப்பளவு ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, நூல் கட்டி, மூலைக்கு மூலை குச்சி அடித்திருந்தது. ஜெபவீடு எங்கே என்று கேட்டேன்.

"அதைப் பிடுங்கிப்போட்டம் ஐயா. நீங்கள் வந்து அத்திவாரம் போடேக்க பழைய கொட்டில் இடைஞ்சல்தானே" என்றார்.

ஹாஜியார் எதை அனுப்புகிறேன் என்று சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல், சிமெண்ட், கம்பி. அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்ன அஸ்திபாரமும் அவர்கள் சொல்கிற அத்திவாரமும் ஒரே சொல்தான். ஆனால் எங்கள் கோயிலில் அந்தச் சொல் பிரசங்கத்தில் மட்டும்தான் வரும். அதைக் கேட்டு மண்வெட்டியைத் தூக்கியவன் ஒருவனும் கிடையாது. இங்கே தூக்கிவிட்டார்கள்.

குழிக்குள் நின்ற கொத்தனார் மேலே ஏறி வந்தார். பியசேன பாஸ் என்று பெயர். பாஸ் என்றால் இங்கே மேஸ்திரி. சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், தமிழும் பேசுவார். ஐயா என்பதற்கு மாத்தையா என்பார். "மாத்தையா, கல் எப்ப வரும்? இது மணல். ரெண்டு மழ பெஞ்சாக் குழி மூடிப் போகும்" என்றார். ஐப்பசி பிறந்துவிட்டது, வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் கண்ணை மூடி, "ஜெபத்தில் வைப்போம்" என்றேன். எங்கள் கமிட்டியில் இதற்கு அர்த்தம், இந்த விஷயத்தை இனி யாரும் எடுக்கக் கூடாது என்பது. அவர்கள் உடனே முழங்கால் போட்டு நிஜமாகவே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் நிலைமை ஆடு திருடின கள்ளன் நிலைமைதான்.

சாயங்காலம் யோகராசா வீட்டில் சாப்பாடு. பாண் என்கிற ரொட்டி, கணவாய்க் கறி, தேங்காய்ச் சம்பல், எலுமிச்சை பிழிந்த சொதி. பாணைச் சொதியில் முக்கி முக்கி, குற்றவுணர்ச்சி எதுவும் தொண்டையை அடைக்காமல் நன்றாகவே சாப்பிட்டேன். பரிமாறிய அவர் மனைவி ராணி, எங்கள் கோயிலின் அசனப் பண்டிகையைப் பற்றி விசாரித்தாள். ஊரே கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த நாளைத்தான் நாங்கள் எங்கள் கிறிஸ்தவ அன்புக்கு அடையாளமாக எங்கும் சொல்லிக்கொள்வோம். "முகாம் ஆக்களுக்கு மற்றப் பக்கம் வேற பந்தி போடுவினம். கறி நல்ல ருசி" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அந்த வேறு பந்தியைப் பட்டியல் போட்டு ஒழுங்கு பண்ணியவன் நான்தான் என்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் இன்னொரு துண்டு பாண் கேட்டேன்.

யோகராசா கை கழுவப் போனபோது அவள் குரலைத் தாழ்த்தினாள். கருவாடு போடுகிற பிலோமினாக்காவும் அவள் புருஷனும்தான் இந்தச் சபைக்கு முதல் ஆட்களாம். கல்லைக் கண்ணால் காணாமல் கொட்டிலைப் பிரிக்காதே என்று அக்கா எவ்வளவோ சொன்னாளாம். இந்தியா ஐயா தன் வாயாலே சொன்னார் என்று இவர் அடித்துச் சொல்லிப் பிரித்திருக்கிறார். மறு வாரமே இவருடைய போன் படகிலிருந்து கடலில் விழுந்து, என் குரல் பதிவும் அதோடு போய்விட்டது. அதைக் கேட்ட இன்னொரு ஆள் ராணிதான். பெண்சாதி சாட்சி யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து அக்கா திருவிருந்து எடுப்பதில்லை. கூட்டத்துக்கு வருவாள், பாண் பிட்கிற நேரத்தில் எழுந்து போய்விடுவாள்.

"'நீர் ஏமாந்தனீரோ, எங்களை ஏமாத்தினனீரோ எண்டு தெரியுமட்டும் உம்மட கையால வாங்கமாட்டன்' எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவ. இவர் இப்ப ராவில நித்திரை கொள்ளுறேல்ல. நீங்கள் வந்திட்டீங்கள் ஐயா, இனிப் பயமில்லை" என்றாள் ராணி.

சனிக்கிழமை காலை பாடம். இரண்டு தென்னைகளுக்கு நடுவே பேனரைக் கட்டினேன். நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள் என்று பார்த்தால் மண்வெட்டியோடும் கடகத்தோடும் வந்து உட்கார்ந்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தேன், மரியாதையாக வாங்கி, மணல் படாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். வழக்கமான ஜோரில் ஆரம்பித்து, கற்பாறை மேல் வீடு கட்டியவன் புத்திமான், மணல் மேல் கட்டியவன் புத்தி கெட்டவன் என்ற உவமையை எடுத்துவிட்டேன். கூட்டம் காலடியைப் பார்த்தது. மூன்று தலைமுறையாக மணலில் குடியிருக்கிறவர்களிடம் இதைச் சொல்ல நான் விமானம் ஏறி வந்திருக்கிறேன். பின்னால் நின்ற பியசேன பாஸ், மணலிலும் கட்டலாம் மாத்தையா, ஈரம் காணுகிற வரைக்கும் தோண்டிக் கல் போட்டால் அசையாது என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போது பிலோமினாக்கா எழுந்தாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், மெலிந்த கறுத்த உடம்பு, உள்ளங்கையெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. சத்தம் போடவில்லை.

"பாடம் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேள்வி கேக்கலாமோ? அத்திவாரம் போட்டுத் தாறன் எண்டு நீங்கள் இவருக்குச் சொன்னனீங்களோ, இல்லையோ?"

ஆமாம் என்பதற்கு இங்கே ஓம் என்பார்கள், அந்த இரண்டு எழுத்தைச் சொல்லியிருக்கலாம். என் சபை, என் கமிட்டி, என் வெள்ளைச் சட்டை எல்லாம் கண் முன்னால் வந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, அது ஆவிக்குரிய அர்த்தத்தில் பேசியது, கட்டடம் என்று பொருள்படச் சொன்ன ஞாபகம் இல்லை, உபதேசியார் கொஞ்சம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று பூசி மெழுகினேன். வேதத்தில் மறுதலித்தவனுக்குக் கூவியதுபோல் சேவல் ஒன்றும் கூவவில்லை. அதற்குப் பதில் என் போன் அடித்தது.

அக்கா யோகராசாவைப் பார்த்தாள். எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யோகராசாவே எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து, சீனி காணுமோ என்று கேட்டார். போதும் என்றேன். ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

போனில் எங்கள் கமிட்டிப் பொருளாளர். கல் வாங்க உதவி கேட்டு முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தேன். வடக்குத் தெரு தர ரெடி, அடிக்கல்லில் தலைவரின் தாத்தா பெயர் இருக்க வேண்டும். கேள்விப்பட்டதும் தெற்குத் தெருவும் ரெடி, ஆனால் அவர்கள் பெயர் மேலே இருக்க வேண்டும். ஒரே வரியில் போடலாமே என்றேன். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்று கேட்டார். பலகை மூன்றடிக்கு நாலடி, சலவைக்கல், இருபத்திரண்டு பெயர் என்று மத்தியானத்துக்குள் வரைபடமே வந்துவிட்டது. வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது, மறைக்கவும் தெரியவில்லை, யோகராசாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்துவிட்டு, "எங்கட பிரசங்க பீடத்தைவிடப் பெரிசா இருக்கு ஐயா" என்றார். கிண்டல் இல்லை, அளவைத்தான் சொன்னார். பின்னேரம் பொருளாளர் மறுபடி கூப்பிட்டார். ஒற்றுமை ஏற்படாததால் விஷயத்தை ஜெபத்தில் வைத்திருக்கிறார்களாம்.

வெயில் தாழ்ந்த பிறகு தனியாகக் கடற்கரைக்குப் போனேன். படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். கவிழ்த்த படகு ஒன்றில் சாய்ந்து, என் குரல் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்லை. தப்பாகப் புரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? ஒரு பச்சைக் குழந்தை கேட்டாலும் வீடு கட்ட வருகிறான் என்றுதான் சொல்லும். ஏழு வருஷம் எங்கள் கோயிலுக்கு வந்த மனுஷன், நாங்கள் சொன்ன வார்த்தையை வார்த்தையாக நம்பியிருக்கிறார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அவரை முப்பது குடும்பத்துக்கு முன்னால் பொய்யனாக்கிவிட்டு, அவர் கையாலேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தக் குரலும் இப்போது சகிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை தென்னைமரத்தடியில். இரவு லேசாகத் தூறியிருந்தது; குழியின் ஒரு கரை சரிந்து கிடந்தது. பிலோமினாக்கா கடைசி பெஞ்சில், எழுந்து போக வசதியாக ஓரத்தில் இருந்தாள். பாட்டு முடிந்ததும் யோகராசா என்னைப் பேசக் கூப்பிட்டார். அறிமுகப்படுத்தும்போதுகூட என்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னார். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாவ அறிக்கையின் பதினான்கு உட்பிரிவில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பாடத்துக்கென்று கொண்டுபோன சின்ன ஸ்பீக்கரில் போனை இணைத்து, நேற்று நான் சொன்னது பொய், இதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அமுக்கினேன். வெங்காயத் தோட்டம் வரைக்கும் என் குரல் கணீரென்று போயிற்று.

"தம்பி யோகராசா, கூரை ஒழுகுதேன்னு கவலைப்படாதீங்க. அஸ்திபாரத்தை நானே வந்து போட்டுத் தாறேன். நல்லா ஆழமாத் தோண்டிப் போடணும். பழசையெல்லாம் பிரிச்சு எறிஞ்சிருங்க. மேல கட்டுறது உங்க வேலை."

முடிந்ததும் ஸ்பீக்கரை அணைத்தேன். பழசு என்று நான் சொன்னது பழைய பாவ சுபாவத்தை. அதை அப்போது விளக்க எனக்கு வாய் வரவில்லை. விளக்கினால் அதுவும் ஒரு பூசி மெழுகல் ஆகிவிடும். கல் கொண்டுவரவில்லை, கொண்டுவரும் எண்ணமும் எனக்கு இருக்கவில்லை, பெரிய வார்த்தை பேசிப் பழகிய வாய், அப்படியே பேசிவிட்டேன், கேட்டபோது பயந்துபோய் இவர் மேல் பழியைப் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். யோகராசாவைப் பார்த்தும் தனியாகச் சொன்னேன். அவர் குனிந்து பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தம்பி பொய் சொல்லேல்ல" என்றாள் பிலோமினாக்கா. கேள்வி போலவும் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது போல. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, இதை வெள்ளிக்கிழமை வந்திறங்கின உடன சொல்லியிருந்தா நேற்றே கொட்டில் போட்டிருப்பம். மழை வருது. மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். பழகலாம் என்றாள்.

ஆராதனை அதோடு நின்றது. மிச்சத்தைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்வோம் என்று யோகராசாவே சொன்னார். பழைய கொட்டிலின் கப்புகள், அதாவது தூண் மரங்கள், தோப்பு ஓரத்தில் அடுக்கியிருந்தன. கூரையின் ஓலைக் கிடுகைத்தான் எரித்துவிட்டிருந்தார்கள். ஓலை பின்ன நாள் ஆகுமே என்று ஆண்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது பிலோமினாக்கா போய், லேண்ட்மாஸ்டர் என்கிற கை டிராக்டர் வண்டி நிறையப் புதுக் கிடுகோடு வந்தாள். இப்போதுதான் மீன் பருவம் தொடங்குகிறது. கருவாடு காய வைக்கிற தன் வாடிக் கொட்டகைக்கு வேய வாங்கி வைத்திருந்தது. அக்கா, உங்களுக்கு? என்று யாரோ கேட்டதற்கு, கருவாட்டைப் பிறகு பார்க்கலாம், இறக்குங்கோ என்றாள்.

பியசேன பாஸ் தான் பார்த்துப் பார்த்து வெட்டிய குழியைத் தானே மூட நின்றார். கப்பு நடுகிற இடத்தை மட்டும் விட்டு மற்றதை மூடச் சொன்னார். எனக்கு ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். நான் மூடிய லட்சணத்தைப் பார்த்து, மாத்தையா குழிக்குள்ள போட வேணும், ஆள் மேல இல்ல என்றார். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் மறுபடியும் போன். பெரிய சந்தோஷக் குரல். இரண்டு தெருவும் சமாதானமாகிவிட்டதாம். பெயர்களை வட்டமாகப் போட்டால் மேல் கீழ் பிரச்சினை இல்லையாம். அஸ்திபாரத்தைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பச் சொன்னார்.

"அதைத்தான் மூடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"யாரு மூடச் சொன்னது?"

மழை வருகிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாலு மணிக்குப் பாதிக் கூரை ஏறியிருந்தது. தூறல் ஆரம்பிக்கவே, அந்தப் பாதிக்குக் கீழே பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பிள்ளைகள் மடிகளில் ஏறினார்கள். பேக்கரியில் வாங்கிய முழுப் பாண் ஒன்று, ஒரு கிண்ணத்தில் திராட்சை ரசம். எங்கள் கோயிலில் முதல் வரிசைக்கு யார் போவது என்பதற்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இங்கே யாருக்கு எங்கே இடம் கிடைத்ததோ அங்கேயே இருந்தார்கள், கை கால் எல்லாம் மண்ணோடு. யோகராசா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாணைக் கையில் எடுத்தார். ஜெபம் சொல்லி முடித்தார்.

பிலோமினாக்கா எழுந்தாள். அக்கா வெளியே போகவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், வெடித்த கை இரண்டையும் சேர்த்து நீட்டினாள். யோகராசா அவளை ஏறிட்டுப் பார்க்கத் துணியாமல், ஒரு சின்னத் துண்டைப் பிட்டு வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"காலமையில இருந்து ஒண்டும் தின்னேல்ல தம்பி" என்றாள். "பெரிசாப் பிச்சுத் தாரும்."